மருந்துக்கும் ஒரு தராசு

வியாபாரத்தில் நாணயம் என்றால் என்னவென்று நம் சங்கத்து அன்பர்களைக் கேட்டால், எடையில் குறைக்காமை, சரக்கில் கலக்காமை, சொன்ன தவணை தவறாமை என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லுவார்கள். மழையில் நனைந்த தானியத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பியிருந்த ஒரு குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த வரலாற்றை மதரஸாவில் ஓதிய நாள் முதலாய் நாம் கேட்டு வந்திருக்கிறோம். ஆனால் நம் கடைகளில் கையை விட்டுப் பார்க்க முடியாத குவியல் ஒன்று உண்டு. அதுதான் மருந்து. அரிசி ஈரமென்றால் கை சொல்லும்; மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் கண் சொல்லும். ஒரு குப்பி மருந்து நோயைத் தீர்க்குமா, தீர்க்காதா என்பதை எந்தக் கை சொல்லும், எந்தக் கண் சொல்லும்?

இதை நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் கடைக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். கருஞ்சீரகமும் இன்னும் பதினொரு மூலிகைகளும் சேர்ந்த பானம். நீரிழிவுக்கு நிகரற்றது என்றார். குப்பிக்கு இவ்வளவு கமிஷன் என்றும் சொன்னார். லேபிளில் 'மால்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் அரசாங்கப் பதிவெண் இருந்தது. அதைக் கண்டதும் நம் மனம் நிம்மதியடைந்தது. பாரம்பரிய மருந்துக்கு அளிக்கப்படும் அந்த எண், சரக்கு தீங்கற்றதாகவும் தரமாகவும் தயாரிக்கப்பட்டதா என்று பார்த்துக் கொடுக்கப்படுவதே தவிர, நோய் தீரும் என்பதற்கு அத்தாட்சி அன்று என்பது அப்போது நமக்குத் தெரியாது. நீரிழிவைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதையே இந்நாட்டின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. கமிஷனுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. அது கேள்விகளைக் குறைத்துவிடும்.

நம் கடைக்கு நெடுநாளாய் வரும் பெரியவர் ஒருவர். மாமா என்றே அழைப்போம். பதினைந்து ஆண்டுகளாய் நீரிழிவு. "பலருக்குக் குணமானதாகச் சொல்கிறார்கள், மாமா, குடித்துத்தான் பாருங்களேன்" என்று குப்பியை நாமே எடுத்துக் கொடுத்தோம். அவர் குடித்தார், உடம்பு இலேசாயிருக்கிறது என்றார். வைத்தியசாலை மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திக்கொண்டார். அது நமக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஏழாம் மாதம் கால் விரலில் புண். ஒன்பதாம் மாதம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் குப்பிதான் காலை வாங்கியது என்று நாம் துணிந்து சொல்ல மாட்டோம். மாத்திரையை விடாதிருந்தாலும் அந்தப் புண் வந்திருக்கலாம். ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து மருந்து நல்லதென்று சொல்வது எப்படித் தவறோ, அப்படியே கெட்டதென்று சொல்வதும் தவறு. நம்மை உறுத்தியது வேறொன்று. நாம் பொய் சொன்னோமா? "பலருக்குக் குணமானதாகச் சொல்கிறார்கள்" என்றோம். சொன்னார்கள் என்பது மெய். பின், குற்றம் எங்கே இருக்கிறது?

குற்றம் கணக்கில் இருக்கிறது. குணமானவர் கடைக்குத் திரும்பி வந்து மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டுப் போகிறார். ஆகாதவர் வேறு கடைக்குப் போகிறார், அல்லது வைத்தியசாலைக்குப் போகிறார், அல்லது மையவாடிக்குப் போகிறார். நம் காதில் விழுவது முதல்வகையாரின் குரல் மட்டுமே. வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாத பேரேட்டைக் கொண்டு எந்த வியாபாரியாவது ஐந்தொகை போடுவானா? அந்த வரவிலும் எத்தனை நம் வரவு? குப்பி வாங்கியவர் அந்த வாரமே தே தாரேக்கில் சீனியைக் குறைக்கிறார், மாலையில் சற்று நடக்கிறார். இரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது. புகழ் குப்பிக்குப் போகிறது. சளியும் வயிற்றுவலியும் தாமாகவே ஓய்கிற நோய்கள். ஓயும் நாளில் எதைக் குடித்திருந்தோமோ அதுவே அருமருந்தாகிவிடுகிறது.

அப்படியானால் மெய்யை எப்படி அறிவது? இதற்குப் பதில் தேடிக் கடல்கடந்து போக வேண்டியதில்லை. இந்த நாட்டிலேயே, நம் முன்னோர் மூட்டை மூட்டையாய் இறக்கி விற்ற அரிசியிலேயே அந்தப் பதில் கிடந்தது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஜனங்களைக் கொள்ளை கொண்டது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் கும்பல் கும்பலாய் மடிந்தார்கள். சிறைச்சாலைகளிலும் வைத்தியசாலைகளிலுங்கூட அது புகுந்தது. மண்ணிலிருந்து கிளம்பும் நச்சு என்றனர் சிலர். கட்டடத்தில் குடிகொண்ட கிருமி என்றனர் சிலர். ஆனால் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களை மட்டும் அந்நோய் பெரும்பாலும் அண்டவில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பவர் இதைக் கூர்ந்து கவனித்து 1907-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். சீனர் உண்டது சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. மலாய்க்காரர் வீட்டில் குத்திய அரிசியை உண்டனர். அவர்களும் பெரும்பாலும் தப்பினர்.

கவனித்தது சரி. ஆனால் காரணத்தில் பிராடன் தவறினார். பழைய வெள்ளை அரிசியில் ஏதோ பூஞ்சை படிந்து நஞ்சாகிறது என்று அவர் எண்ணினார். சீனருக்கும் தமிழருக்கும் அரிசியில் மட்டுமா வேறுபாடு? வேலை வேறு, வீடு வேறு, குழம்பு வேறு. இவற்றில் எது நோயை விலக்கியது என்று பார்த்த மாத்திரத்தில் எவரால் சொல்ல முடியும்? கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது இந்த இடத்திற்கு நன்றாகப் பொருந்தும்.

இதற்கிடையில் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் 1905-இல் பெரிபெரி பரவிப் பலர் மாண்டனர். அங்கிருந்த டாக்டர் வில்லியம் பிளெட்சர் ஒரு காரியம் செய்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு பக்கக் கட்டடத்துக்கு. இரட்டைப்படை எண்ணினர் மறு பக்கத்துக்கு. முன்னவருக்கு வழக்கமான வெள்ளை அரிசி. பின்னவருக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்றபடி உணவும் கவனிப்பும் ஒன்றே. கட்டடத்தில்தான் கோளாறோ என்ற ஐயம் தீர, இடையில் இரு சாராரையும் இடம் மாற்றியும் பார்த்தார். ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

பார்த்தீர்களா, அன்பர்களே! இதில் நுண்ணிய கருவி ஏதுமில்லை, அரிய இரசாயனமும் இல்லை. நாம் நாள்தோறும் செய்யும் காரியந்தான்: தராசின் இரண்டு தட்டையும் முதலில் சமமாக்கிவிட்டு, பிறகு ஒரு தட்டில் மட்டும் சரக்கை வைத்தார். யார் எந்தத் தட்டு என்பதைத் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்காமல் எண்ணின் போக்கில் விட்டார். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வைத்தியரே தேர்ந்தெடுத்தால், தம்மையறியாமல் தெம்பானவர்களைத் தமக்குப் பிடித்த தட்டில் ஏற்றிவிடுவார்.

அடுத்து 1907-இல், கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டிருந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியர் 300 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து இதே சோதனையை நடத்தினர். சுமார் மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. உடனே அவர்களுக்குப் புழுங்கலரிசி கொடுத்தனர்; நோய் அடங்கியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது மற்றக் கூட்டத்தில் நோய் வந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள ஒரு சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் போகாது. அந்தச் சத்தை 1926-இல் ஜாவாவில் ஜான்சன், டோனாத் என்னும் இருவர் தனியாகப் பிரித்தெடுத்தனர். இன்று அதைத் தையமின் என்கிறோம், வைட்டமின் பி-1 என்றும் சொல்கிறோம். ஆக, புழுங்கலரிசியின் பெருமையைத் தமிழர் உண்டு வாழ்ந்தனர், ஆனால் அறிந்திருக்கவில்லை. அதை விற்ற வியாபாரியும் அறியவில்லை. அவன் கண்ணுக்கு வெள்ளையாயிருந்ததுதான் உயர்ந்த சரக்கு.

இம்முறையை மேல்நாட்டாரின் தனிச்சொத்து என்று கருத வேண்டாம். ரை நகரில் பிறந்து பக்தாதில் வைத்தியசாலை நடத்திய அபூபக்கர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா அர்ராஸி, சுமார் 925-இல் மறைந்தவர், மூளைக் காய்ச்சல் கண்டவர்களில் ஒரு சாராருக்குக் குருதி வாங்கியும், ஒரு சாராரை வேண்டுமென்றே அப்படியே விட்டும் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஒப்பிட்டுப் பார்த்தாலன்றித் தெரியாது என்று அந்நாளிலேயே உணர்ந்தது பெரிய காரியம். ஆனால் பெருமை பேசுவதோடு நிறுத்திக்கொள்ளலாகாது. குருதி வாங்கியவரே பிழைத்தனர் என்பது அவர் கண்ட முடிவு; இன்றைய வைத்தியம் அதை ஒப்புவதில்லை. தட்டுகளை வைத்தவர் அவர். அவற்றைச் சமமாக்கும் வழி இன்னும் பல நூற்றாண்டு கழித்தே தெளிந்தது.

இனி, நம் மனத்தை விட்டகலாத அந்தப் பதினெட்டுப் பேரிடம் வருவோம். அவர்களை யாரும் கேட்கவில்லை. புத்தி பேதலித்தவர்கள், கேட்டிருந்தாலும் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? பிளெட்சர் பாவம் செய்தாரா? சோதனைக்கு முன் அங்கே எல்லாரும் அதே வெள்ளை அரிசியைத்தான் உண்டார்கள். சோதனையால் பாதிப்பேர் தப்பினார்களே தவிர, எவருக்கும் புதிதாகக் கேடு சேர்க்கப்படவில்லை என்று அவர் பக்கம் வாதாடலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல ஒரு தட்டில் பிணங்களும் மறு தட்டில் சுகவாசிகளுமாய் இருந்தபோது, ஆண்டு முடியட்டும் என்று காத்திருந்ததை நம்மால் சரியென்று சொல்ல இயலவில்லை. பிரேசரும் ஸ்டான்டனும் நோய் தலைகாட்டியதும் அரிசியை மாற்றினார்கள். மெய்யறிவு அதனால் குறைந்தா போயிற்று? கூடத்தான் செய்தது.

பின்னாளில் நாஜி வைத்தியர்கள் கைதிகள் மீது நடத்திய கொடுமைகள் வெளிப்பட்டு, 1947-இல் நூரம்பெர்க் தீர்ப்பில் சம்மதமின்றி மனிதனைச் சோதிக்கலாகாது என்று விதிக்கப்பட்டது. 1964-இல் ஹெல்சிங்கியில் உலக வைத்தியர்கள் கூடி அந்த நெறிகளை விரித்து வகுத்தனர். இன்று இந்நாட்டில் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் இப்படியொரு சோதனை நடத்த வேண்டுமானால், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் கையொப்பமும் வேண்டும். விலகிக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு.

இந்த இடத்தில் சில அன்பர்கள், "மனிதனை எலியாக்குவதா?" என்று வெறுப்போடு எழுந்து விடுகிறார்கள். நமக்கும் முன்பு அந்த வெறுப்பு இருந்தது. இப்போது நாம் அவர்களைக் கேட்பது ஒன்றே: சோதித்தறியாத குப்பியை ஆயிரம் பேருக்கு விற்பதும் சோதனையல்லவா? அந்த ஆயிரம் பேரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. யாருக்குக் கெட்டது என்று ஒருவரும் எழுதவில்லை. கேடு கண்டதும் நிறுத்த ஒரு பிரேசரும் இல்லை. மாமாவின் காலில் நாம் நடத்தியதும் சோதனைதான், கணக்கெழுதாத சோதனை. அதனால் அவரும் இழந்தார், அவருக்குப் பின் வருபவர்க்கும் ஓர் எழுத்தளவு அறிவும் மிஞ்சவில்லை. பதினெட்டுப் பேரின் மரணத்தாலாவது இலட்சோப லட்சம் பேர் பிழைத்தார்கள். வைத்தியம் அறியாமல் வைத்தியம் பார்த்தவன் நேர்ந்த தீங்குக்குப் பொறுப்பாளி என்று நம் மார்க்கச் சட்டம் கூறுவதை ஆலிம்கள் விளக்கக் கேட்டிருக்கிறோம். குப்பியை எடுத்துக் கொடுத்து "குடித்துப் பாருங்கள்" என்று சொன்னவன் அதில் அடக்கமா, இல்லையா? அதை அவர்களிடமே விட்டுவிடுகிறோம். ஆனால் கேட்கும்போது நமக்கு வியர்க்கிறது.

கொரோனாக் காலத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021-இல் ஐவர்மெக்டின் என்னும் பூச்சி மருந்து அந்நோய்க்கு அமிர்தம் என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி பறந்தது. மறைவாகக் கொள்ளை விலைக்கு விற்றவர்கள் உண்டு. வாங்கியவர்களில் நம்மவரும் உண்டு. மறைக்கிறார்கள், சதி செய்கிறார்கள் என்று பேசினார்கள். இந்நாட்டு அரசாங்க வைத்தியர்கள் பேச்சை வளர்க்காமல் தராசைத் தூக்கினார்கள். 20 வைத்தியசாலைகளில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன, உடன்நோய் கொண்ட 490 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். மருந்துண்ட 241 பேரில் 52 பேருக்கு நோய் கடுமையானது. மருந்து உண்ணாத 249 பேரில் 43 பேருக்கு. பயனில்லை என்று 2022-இல் முடிவு வெளியாயிற்று. இறந்தோர் தொகை மருந்துண்டவரில் 3, மற்றவரில் 10 என்பதைப் பிடித்துக்கொண்டு வாதாடியவர்களும் உண்டு. அவ்வளவு சிறிய எண்களில் அவ்வேற்றுமை தற்செயலாகவும் நேரக்கூடும் என்பதுதான் ஆய்வாளர் கண்டது. வேறு நாடுகளில் இன்னும் பெரிய அளவில் நடந்த சோதனைகளிலும் பயன் தென்படவில்லை. பாதகமான எண்ணையும் சாதகமான எண்ணையும் ஒரே ஏட்டில் அச்சிட்டார்களே, அதைத்தான் நாம் மதிக்கிறோம். எந்தக் குப்பிக்காரர் அப்படி அச்சிட்டார்?

"முன்னோர் மருந்தெல்லாம் பொய்யா?" என்ற கேள்வி அடுத்து வரும். பொய்யென்று நாம் சொல்லவில்லை. கருஞ்சீரகத்தின் மீது நமக்கு மரியாதை உண்டு. அந்தக் குப்பிக்குள் அது எவ்வளவு இருந்தது, அதோடு வேறென்ன இருந்தது என்பதே கேள்வி. சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை திடீரென விழுந்து வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர், நால்வர் இறந்தனர். ஆராய்ந்ததில், ஆண்மைக்கென்று விற்கப்பட்ட சரக்குகளில் நீரிழிவு மாத்திரை மருந்தை லேபிளில் காட்டாமல் கலந்திருந்தது தெரிந்தது. மூலிகை என்று எழுதியிருப்பதெல்லாம் மூலிகை ஆகிவிடாது. மெய்யான மூலிகைக்கோ சோதனையால் பெருமையே சேரும். சீனத்து அம்மையார் தூ யூயூவின் குழுவினர், பழைய ஏடுகளிலிருந்து ஏறத்தாழ 2000 வைத்தியக் குறிப்புகளைத் திரட்டி, ஒவ்வொன்றாய்ச் சோதித்துத் தள்ளிக்கொண்டே வந்து, 1972-இல் ஒரு செடியிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏட்டை அவர் அவமதிக்கவில்லை. உரைகல்லில் உரைத்தார், அவ்வளவே. மற்றக் குறிப்புகளும் ஏட்டில்தான் இருந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது.

அந்த விற்பனையாளர் மறுபடியும் வந்தார். இம்முறை வேறு லேபிள், வேறு நிறம். "எத்தனை பேருக்குக் குணமாகவில்லை?" என்று கேட்டோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதை யார் நானா எழுதி வைக்கிறது?" என்றார். குப்பிகளை அவரையே எடுத்துப் போகச் சொல்லிவிட்டோம். அந்தத் தட்டு இரண்டு வாரம் காலியாய்க் கிடந்தது; பிறகு உப்புப் பொட்டலங்களை அடுக்கினோம்.

போன மாதம் மாமா வந்திருந்தார். மகன் சக்கர நாற்காலியைப் பிடித்து வாசற்படியில் ஏற்றினான். பத்துக் கிலோ அரிசி வாங்கினார். நம்மீது அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. எல்லாம் நஸீபு என்பார். காசைக் கொடுத்துவிட்டு, மகன் மூட்டையைத் தூக்கப் போன சமயம் பார்த்து, நம் பக்கமாகச் சாய்ந்து, "தம்பி, புதிதாக ஏதும் மருந்து வந்திருக்கிறதா?" என்று மெதுவாய்க் கேட்டார். இல்லை மாமா என்றோம். "வந்தால் எனக்கொரு குப்பி எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.